அத்தியாயம் 6: கிளம்பிய பின் ஃபெண்டர்களை எங்கே வைப்பது?

படகுத்துறையில் கட்டியிருக்கும்வரை ஃபெண்டர்தான் படகின் விலாவைக் காக்கிறது. கட்டை அவிழ்த்துக் கிளம்பிவிட்டால் அதே ஃபெண்டர் தொந்தரவு. பாயில் காற்று பிடித்துப் படகு ஒரு பக்கம் சாய்ந்ததும் அந்தப் பக்கத்து ஃபெண்டர் தண்ணீரில் இழுபடும், அலைக்கு அலை எகிறி விலாவில் அடிக்கும். அதன்மேல் ஒட்டிய உப்பும் மணலும் உப்புத்தாள் மாதிரி பெயின்டின் பளபளப்பைத் தேய்த்துவிடும். பாதுகாப்புக் கம்பியில் போட்ட முடிச்சு, விட்டு விட்டு இழுபடுவதால் தானாகத் தளரும். கடைசியில் ஃபெண்டரே போய்விடும். அல்லது அதன் கயிறு பின்னால் இழுபட்டு, எஞ்சினைப் போடும் நேரத்தில் ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும்.

எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கே என்பதில்தான் குழப்பம். புதிதாகப் படகு எடுப்பவர்களில் பலர், இடம் கண்ட பொந்தில் எல்லாம் திணித்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. எங்கே வைக்கலாம் என்று தேடுவதற்கு முன்னால், எதை மறைக்கக் கூடாது, எதை அடைக்கக் கூடாது என்று படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அது தெரிந்துவிட்டால், மிச்சமிருக்கும் நல்ல இடங்கள் தாமாகவே கண்ணில் படும்.

இந்த அத்தியாயத்துக்கு உதாரணமாக ஒரு 34 அடிப் பாய்ப்படகை எடுத்துக்கொள்வோம். தென் இங்கிலாந்தில் ஹாம்பிள் ஆற்றிலிருந்து கிளம்பி, வைட் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள சோலன்ட் நீரிணையில் ஒரு வார இறுதிப் பயணம். பிரிட்டனில் பாய்ப்படகு கற்பவர்கள் பலரும் இங்குதான் ஆரம்பிக்கிறார்கள். ராயல் யாட்டிங் அசோசியேஷனின் தலைமையகமும் ஹாம்பிளில்தான் இருக்கிறது. நீங்கள் வேறு கடலில் ஓட்டுபவராக இருந்தாலும் முறை பெரிதாக மாறாது.

## முதலில் கணக்கு

இந்த அளவுப் படகுக்குப் பக்கத்துக்கு நான்கு வீதம் எட்டு ஃபெண்டர்கள் இருந்தால் நிம்மதி. உருளை வடிவ ஃபெண்டர் ஒன்று சுமார் 20 செ.மீ. விட்டம், 65 செ.மீ. நீளம். அதாவது கிட்டத்தட்ட 20 லிட்டர் காற்று. எட்டும் சேர்ந்தால் 160 லிட்டர். உருளைகளுக்கு நடுவே வீணாகும் சந்துகளையும் சேர்த்தால் இன்னும் அதிகம். எடையோ ஒன்றுக்கு இரண்டு கிலோதான். ஆகவே பாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரச்சினை கன அளவும், உருண்டு ஓடும் வடிவமும்.

எட்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது என்பது இப்போதே தெரிந்திருக்கும். இரண்டு மூன்று இடங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

## எங்கே வைக்கவே கூடாது

இந்தப் பகுதியைப் படகில் நின்றுகொண்டு, மூடிகளைத் திறந்து பார்த்தபடி படியுங்கள்.

கேஸ் சிலிண்டர் லாக்கர். பாதி காலியாக இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதனால் ஒரு சின்ன ஃபெண்டரை உள்ளே தள்ள மனம் ஆசைப்படும். தள்ளாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கும். அது படகுக்குள் போகாமல் கடல் பக்கம் வெளியேறத்தான் லாக்கரின் அடியில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள். ஃபெண்டரோ அதன் கயிறோ அந்தத் துளையை அடைத்தால், கேஸ் லாக்கரிலேயே தேங்கும். ஒரு தீப்பொறி போதும்.

சுக்கான் இயங்கும் இடம். சக்கரம் வைத்த படகுகளில், பின்பக்க லாக்கருக்கு அடியிலோ அதை ஒட்டியோ சுக்கானைத் திருப்பும் கால்வட்டத் தகடும் கம்பிகளும் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவே பலகைத் தடுப்பு இருந்தால் சரி. இல்லாவிட்டால், படகு சாயும்போது ஒரு ஃபெண்டர் உருண்டு போய் அந்தத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கும். சக்கரம் ஒரு பக்கம் திரும்பாது. எதிரே கப்பல் வரும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

டீசல் ஹீட்டரின் புகைக்குழாய். குளிர் நாட்டுப் படகுகளில் காக்பிட்டின், அதாவது சுக்கான் பிடிப்பவர் இருக்கும் பள்ளமான தளத்தின், லாக்கருக்குள் ஹீட்டர் பொருத்தியிருப்பது சகஜம். அதன் புகைக்குழாய் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். பிளாஸ்டிக் ஃபெண்டர் அதில் சாய்ந்தால் உருகும். அழுத்தத்தில் குழாயின் இணைப்பு விலகிவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு கேபினுக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது, தூங்குபவர்களுக்குத் தெரியாது. ஹீட்டர் இருக்கும் மூலையைத் தடுத்து, அந்தப் பக்கம் எதுவும் வைக்காதீர்கள்.

உயிர்காப்புச் சாதனங்கள். லைஃப் ராஃப்ட், குதிரை லாட வடிவ மிதவை, அதனுடன் கட்டிய விளக்கு, தீயணைப்பான், கையால் அடிக்கும் பம்பின் கைப்பிடி, அவசரச் சுக்கான் தண்டு, அடித்தளக் குழாய்களின் வால்வுகள். இவற்றில் எதை எடுக்கவும் ஒரு ஃபெண்டரை நகர்த்த வேண்டியிருந்தால், அந்த இடம் தவறான இடம். மிதவை ஒரே இழுப்பில் கையோடு வர வேண்டும். பக்கத்தில் தொங்கும் ஃபெண்டர் கயிறு மிதவையின் கயிற்றோடு பின்னிக்கொண்டிருந்தால் வராது. கடலில் விழுந்தவர் அதற்குள் பின்னால் போய்விடுவார்.

விளக்குகள். கப்பல் மோதல் தடுப்பு விதிகளின்படி பின்விளக்கு 135 பாகை வீச்சுக்கும், பச்சை, சிவப்புப் பக்கவிளக்குகள் ஒவ்வொன்றும் 112.5 பாகை வீச்சுக்கும் தெரிய வேண்டும். பின்கம்பியில் கட்டிய தடித்த ஃபெண்டர் பின்விளக்கின் வீச்சில் பாதியை மறைத்துவிடும். பாயில் போகும்போது பாய்மர உச்சியில் உள்ள மூவர்ண விளக்கைப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் எஞ்சினில் போகும்போது அதைப் போடக் கூடாது, கீழ்விளக்குகள்தான் எரிய வேண்டும். இருட்டில் துறைமுகத்துக்குள் நுழையும்போது எஞ்சின்தானே ஓடும்? அதனால் விளக்கு இருக்கும் உயரத்தில் எதையும் கட்டாதீர்கள்.

முன்தளமும் பக்க நடைபாதையும். கம்பிக்கு உள்ளே தூக்கிப் போட்டுவிட்டால் போதும் என்று விட்டுவிடுவது இருப்பதிலேயே அதிகம் காணும் தவறு. ஈரமான ஃபெண்டரின் மீது கால் வைத்தால் அது உருளும், கால் போன பக்கம் உடலும் போகும். பாதுகாப்புக் கம்பியின் உயரம் பெரும்பாலும் 60 செ.மீ. அளவில்தான் இருக்கும். நின்றிருப்பவரை அது தடுக்காது, முழங்காலுக்குச் சற்று மேலே தட்டி வெளியே கவிழ்த்துவிடும். முன்பாயின் கயிறு அங்கே கிடக்கும் ஃபெண்டரில் மாட்டுவதும், அலை வந்து கீழ்க்கம்பியின் அடியில் அதை வழித்துக்கொண்டு போவதும் இதோடு சேரும்.

## நல்ல இடங்கள்

### காக்பிட் லாக்கர்

என் முதல் தேர்வு இதுதான். மூடி உண்டு, காற்று அடிக்காது, கையருகே இருக்கிறது. ஆனால் அடுக்குவதில் ஒழுங்கு வேண்டும். கண்டபடி எறிந்தால் மூன்று ஃபெண்டரிலேயே லாக்கர் நிறைந்துவிடும். அடுத்த துறைமுகத்தில் ஒன்றை இழுத்தால் ஐந்தின் கயிறும் சேர்ந்து வரும்.

1. கயிற்றை அவிழ்த்த கையோடு ஃபெண்டரின் உடலைச் சுற்றி நாலைந்து சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். கடைசிச் சுற்றுக்குள் நுனியைச் செருகுங்கள்.
2. சில ஃபெண்டர்களின் நடுவே நீளவாக்கில் துளை இருக்கும். அதில் கடல்நீர் நிற்கும். செங்குத்தாகப் பிடித்து ஒருமுறை உதறினால் ஒரு குவளைத் தண்ணீர் உங்கள் காலில் கொட்டும். லாக்கருக்கு வெளியே கொட்டட்டும்.
3. உருளைகளை நிற்க வைத்து அடுக்குங்கள். கயிறு கட்டிய முனை மேலே இருக்க வேண்டும். கடைசியில் எடுக்க வேண்டியதை முதலில் இறக்குங்கள்.
4. மேலே ஒரு கை அளவு இடம் விடுங்கள். மூடி ஃபெண்டரை அழுத்திக்கொண்டு மூடக் கூடாது. அழுத்தத்தில் கொக்கி விடுபட்டால், காக்பிட்டில் ஏறும் அலை நேராக லாக்கருக்குள் இறங்கும்.
5. கொக்கியை மாட்டுங்கள். மாட்டியதைக் கையால் இழுத்துப் பாருங்கள்.

குறிப்பு: லாக்கரின் உள்சுவரில் ஒரு பழைய வலையையோ இரண்டு எலாஸ்டிக் கயிறுகளையோ குறுக்கே கட்டினால், ஃபெண்டர்கள் ஒரு பக்கமாக நிற்கும். மறுபக்கம் வால்வுக்கும் பம்புக்கும் போகும் வழி திறந்தே இருக்கும். சொந்தப் படகு என்றால் இந்த வேலையை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

### பின்கம்பியில் கூடை

படகின் பின்முனையைச் சுற்றி எழும்பி நிற்கும் எஃகுக் கம்பிக்கூட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையக் கூடைகளைப் பொருத்தி வைத்திருப்பார்கள். ஃபெண்டரை மேலிருந்து இறக்கினால் நிற்கும். லாக்கர் சிறிதாக இருக்கும் படகுக்கு இது பெரிய வசதி, எடுப்பதும் நொடி வேலை. ஒரு பக்கத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். நான்கு, ஐந்து என்று சேரச் சேரக் காற்று பிடிக்கும், பின்னால் வரும் படகு கண்ணில் படாது.

கூடையில் வைத்தால் போதாது, கட்டவும் வேண்டும். ஃபெண்டரின் சொந்தக் கயிற்றையே கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு அரை முடிச்சுப் போடுங்கள். காற்று பலத்தால், லேசான ஃபெண்டர் கூடையிலிருந்து துள்ளி வெளியே வந்துவிடும்.

முன்முனைக் கம்பியிலும் இதே மாதிரிக் கூடைகளைச் சிலர் வைத்திருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பக்கவிளக்குகள் அங்கேதான் இருக்கின்றன, அலை முதலில் ஏறுவதும் அங்கேதான். சோலன்ட்டில் நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமுமாக இருந்தால் குட்டையான, செங்குத்தான அலைகள் எழும். அவற்றில் மூக்கைக் குத்திக் குத்திப் போகும் படகின் முன்முனையில் எதுவும் பத்திரமாக இருக்காது.

### நங்கூர லாக்கர்

பெரிய லாக்கர் என்றால் இரண்டு ஃபெண்டர்களைப் போடலாம் என்பார்கள். ஆனால் நங்கூரத்தை அவசரமாக இறக்க வேண்டிய நேரத்தில் சங்கிலியின் மேல் ஃபெண்டர் கிடக்கும். எஞ்சின் நின்றுபோனால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த நங்கூரம்தான். வேண்டாம்.

### கேபினுக்குள்

நீண்ட பயணத்துக்கு மட்டும். சோலன்ட்டை விட்டு வெளியேறி, ஆங்கிலக் கால்வாயைக் குறுக்காகக் கடந்து பிரான்சின் ஷெர்பூருக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். நீடில்ஸ் பாறைகளிலிருந்து சுமார் 60 கடல் மைல். வழியில் ஃபெண்டருக்கு வேலையே இல்லை. கூடையில் இருப்பதையும் எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, முன் அறையில் வையுங்கள். உப்போடு வைத்தால் மெத்தை ஈரம் இழுத்துக்கொள்ளும், பிறகு காயவே காயாது. காற்றை இறக்கிச் சுருட்டும் துணி ஃபெண்டர்கள் இந்த மாதிரிப் பயணத்துக்குப் பொருத்தம். எட்டும் ஒரு பையில் அடங்கிவிடும். ஆனால் பம்ப் அடித்து நிரப்ப நேரம் பிடிக்கும் என்பதால், சாதாரண ஃபெண்டர்கள் இரண்டையாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

## எடுக்கும் வரிசை

எப்போது எடுப்பது? மெரினாவின் நெருக்கடியைத் தாண்டிய பிறகு, அலை எழும் நீருக்கு வருவதற்கு முன். ஹாம்பிள் ஆறு இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. வேக வரம்பு 6 நாட், தண்ணீர் சலனமில்லாமல் கிடக்கும், முகத்துவாரம்வரை நிதானமாகச் செய்ய நேரம் உண்டு. அங்கேயே முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் சவுத்தாம்ப்டன் கடற்கழியில் பெரிய கப்பல்கள் குறுக்கிடும். 150 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல் கால்ஷாட் பக்கம் திரும்பும் பகுதியில், அதன் முன்னால் 1,000 மீட்டரும் இரு பக்கமும் 100 மீட்டரும் சிறு படகுகள் நுழையக் கூடாத இடம். அந்த இடத்தில் உங்கள் ஆட்கள் எல்லோரும் குனிந்து முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

1. சுக்கான் பிடிப்பவர் வாய்விட்டுச் சொல்லட்டும்: “இப்போ ஃபெண்டர் எடுக்கலாம்.” சொல்லாமல் யாரும் காக்பிட்டை விட்டு நகர வேண்டாம்.
2. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எடுக்கப் போவது ஒரே ஆள், அதிகபட்சம் இரண்டு பேர்.
3. வேகத்தைக் குறைத்து, நேர்கோட்டில் ஓட்டுங்கள்.
4. முன்முனையில் இருக்கும் ஃபெண்டரில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். தூரமான இடத்து வேலை முதலில் முடிந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு அடியும் காக்பிட்டை நோக்கித்தான்.
5. ஒவ்வொன்றின் அருகிலும் மண்டியிடுங்கள். முதலில் ஃபெண்டரை மேலே இழுத்துக் கம்பிக்கு உள்ளே கொண்டுவந்து முழங்காலால் அழுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். ஒரு கை எப்போதும் படகைப் பிடித்திருக்கட்டும்.
6. எடுத்ததைக் காக்பிட்டில் இருப்பவரிடம் கையில் கொடுங்கள். தூக்கி எறியாதீர்கள்.
7. எட்டும் வந்துவிட்டதா என்று சத்தமாக எண்ணுங்கள். கட்டுக் கயிறுகளும் உள்ளே வந்துவிட்டனவா என்று இரு பக்கமும் எட்டிப் பாருங்கள்.
8. இதெல்லாம் முடிந்த பிறகுதான் பாயை ஏற்ற வேண்டும்.

ஐந்தாவது படியில்தான் ஃபெண்டர்கள் தொலைகின்றன. முடிச்சை முதலில் அவிழ்த்துவிட்டு, ஈரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஃபெண்டரைத் தூக்கப் பார்ப்பார்கள். ஒரு சின்ன அலை வந்து அதை உந்தினால் கயிறு விரலுக்குள் வழுக்கிப் போய்விடும்.

### ஒன்று மட்டும் வெளியே

எட்டையும் உள்ளே பூட்டிவிடாதீர்கள். ஒன்றைச் சுமார் இரண்டு மீட்டர் கயிற்றோடு பின்கூடையிலோ லாக்கரின் மேல்மட்டத்திலோ வையுங்கள். லிமிங்டன் ஆற்றில் ஃபெரி எதிரே வந்து ஓரம் ஒதுங்க வேண்டியிருந்தாலும், வேறொரு படகு உங்கள் மேல் சாய்ந்து வந்தாலும், ஓர் ஆள் இந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு இடிபடும் இடத்துக்குப் போய்விடலாம். இது இல்லாதபோதுதான் மனிதர்கள் கையையும் காலையும் நடுவே நீட்டுகிறார்கள். 34 அடிப் படகு ஐந்தாறு டன் எடை. நசுங்குவது உங்கள் கால்தான்.

ஆள் விழுந்தால் மீட்கும் பயிற்சிக்கும் இதே ஃபெண்டர் உதவும். ஒரு வாளியை அதில் கட்டித் தண்ணீரில் போட்டால், வாளி நிறைந்து அதைக் காற்றில் ஓடாமல் பிடித்து வைக்கும்.

## கைதவறி விழுந்துவிட்டால்

விழுந்த ஃபெண்டரைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அதையே பார்த்துக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கட்டும். மற்றவர்கள் திரும்பும் வேலையைப் பார்க்கட்டும். காற்றை எதிர்த்து மெல்ல நெருங்கி, கொக்கிக் கழியால் கயிற்றின் வளையத்தைப் பிடியுங்கள். கம்பிக்கு வெளியே உடலை நீட்ட வேண்டாம். கப்பல் வழியிலோ பாறை அருகிலோ விழுந்திருந்தால் விட்டுவிட்டுப் போங்கள். கடையில் இன்னொன்று கிடைக்கும்.

## திரும்ப வெளியே எடுக்கும்போது

யார்மத், கௌஸ் போன்ற துறைகளில் கோடை வார இறுதியில் படகோடு படகாகக் கட்ட வேண்டிவரும். எந்தப் பக்கம் வேண்டும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் இரு பக்கத்துக்கும் தயாராகுங்கள்.

1. பாய்களை இறக்குங்கள். எஞ்சினைப் போடும் முன் தண்ணீரில் எந்தக் கயிறாவது கிடக்கிறதா என்று இரு பக்கமும் பின்னாலும் பாருங்கள்.
2. துறைக்கு வெளியே, சமமான நீரில், ஃபெண்டர்களை லாக்கரிலிருந்து எடுத்துக் காக்பிட் தரையில் வரிசையாக வையுங்கள்.
3. முதலில் முடிச்சு, பிறகு ஃபெண்டர். கம்பியைத் தாங்கும் தூணின் அடிப்பாகத்தில் கயிற்றை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இரண்டு அரை முடிச்சுப் போட்ட பிறகே ஃபெண்டரை வெளியே விடுங்கள். கம்பியின் நடுவில் கட்டினால் கம்பி தொய்யும், முடிச்சும் நகர்ந்துபோகும்.
4. ஒவ்வொரு பக்கத்திலும் பெரும்பாலானவை படகின் அகலமான நடுப்பகுதியைச் சுற்றி இருக்கட்டும். ஒன்றைப் பின்மூலைக்கு அருகே கட்டுங்கள்.
5. உயரம்: மிதக்கும் மரத்தளத்துக்குத் தாழ்வாக, அடிப்பாகம் தண்ணீரைத் தொடுமளவுக்கு. இன்னொரு படகோடு கட்டினால் இரண்டு படகின் விலாவும் தொடும் உயரத்துக்கு ஏற்றுங்கள்.
6. லாக்கரைத் திரும்ப மூடிக் கொக்கி மாட்டுங்கள். கயிறு எடுக்க ஓடுபவர் திறந்த மூடிக்குள் கால் விட்டுவிடக் கூடாது.
7. தனியாக வைத்த அந்த ஒற்றை ஃபெண்டரை ஓர் ஆளிடம் கொடுத்து, நடுப்பகுதியில் நிற்கச் சொல்லுங்கள். கட்டி முடித்து எஞ்சினை நிறுத்தும்வரை அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.